கடல் பொதுதான், கண்ணிக்கு அளவு உண்டு

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையை இன்று உலகம் கைப்பேசித் திரையில் பார்க்கிறது. மூக்கையூரிலிருந்து வரும் ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ யூடியூப் சேனலுக்கு லட்சக்கணக்கான சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, மீனவர்களின் பேச்சுமொழியிலேயே கடலின் நிலையைச் சொல்லிவருகிறது. கருவாடு விற்பவர்கள் இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கிறார்கள். இப்படியாக, ‘எத்தனை ஃபாலோயர்?’ என்ற கேள்வி இந்தக் கரையில் வருமானத்தோடு சேர்ந்த கேள்வியாகிவிட்டது. கூடவே வேறொரு வேலையும் எளிதாகியிருக்கிறது. அந்தப் பின்தொடர்வோர் யார் யார் என்று பெயர் பெயராக அள்ளிவர, ஐம்பது அறுபது வரியில் எழுதிய ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒரே மாலையில் அதைச் செய்துவிடலாம். எண்ணிக்கையை எடுப்பது வேறு, பெயர்ப் பட்டியலை எடுப்பது வேறு என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. பொதுவில் கிடக்கிறது என்ற ஒரே காரணத்தால் பட்டியலை அள்ளும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. நம் சட்டம் இதை இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் பாக் நீரிணைக் கரை இதே நியாயத்தை வேறொரு விஷயத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

முதலில் அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு கணக்கின் பின்தொடர்வோர் பட்டியலை நாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம் அல்லவா? அதே தள்ளலை நிரல் செய்கிறது. ஒருமுறை தள்ளினால் சில பத்துப் பெயர்கள் வரும். அவற்றைப் படித்து, ஒரு பெயருக்கு ஒரு வரி என அட்டவணையில் எழுதும். கணக்குப் பெயர், அவர் வைத்திருக்கும் பெயர், தன்னைப் பற்றி எழுதியிருக்கும் இரண்டு வரி, படத்தின் முகவரி, கணக்கு திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பிறகு சில நொடி சும்மா இருக்கும். அந்த இடைவெளியும் ஒரே சீராக இராது, மூன்று நொடி, ஏழு நொடி, ஐந்து நொடி என்று மாறும். தள்ளுவது மனிதர்தான் என்று நிறுவனத்தின் கணினி நம்புவதற்காக எழுதப்பட்ட வரி அது. இரவில் ஓடவிட்டுத் தூங்கினால் விடிவதற்குள் ஆயிரக்கணக்கான பெயர்கள் கோப்பில் வரிசை கட்டி நிற்கும். ட்விட்டர் நிறுவனமே ஒரு காலத்தில் இதற்கு அதிகாரபூர்வ வாசல் வைத்திருந்தது. ஒரு கோரிக்கைக்கு 5,000 அடையாள எண்கள், 15 நிமிடத்துக்கு 15 கோரிக்கைகள் என்பது கணக்கு. அதாவது ஒரு மணி நேரத்தில் 3 லட்சம் பேர். இலவசமாகத் திறந்திருந்த அந்த வாசல் 2023-இல் மூடப்பட்டது. இன்ஸ்டாகிராமின் அதிகாரபூர்வ வாசல், பின்தொடர்வோரின் எண்ணிக்கையையும் வயது, ஊர் வாரியான தொகுப்பையும் கணக்கின் உரிமையாளருக்குத் தருமே தவிர, பெயர்ப் பட்டியலைத் தராது. யூடியூபும் பிறர் பார்க்கும் சந்தாதாரர் எண்ணிக்கையை 2019 முதல் தோராயமாகச் சுருக்கித்தான் காட்டுகிறது. வாசல்கள் மூடிய பிறகு, மனிதர் போல நடிக்கும் ஸ்கிரிப்ட்டுகள் பின்பக்கச் சுவரேறி உள்ளே போகின்றன.

பெயர்தானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒற்றைப் பெயரில் ஒன்றுமில்லை. பட்டியலாகச் சேரும்போதுதான் அது வேறொன்றாக மாறுகிறது. ஒரு கிராமத்தில் பத்துப் பேருடைய பின்தொடர்வோர் பட்டியல்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பத்திலும் வரும் பெயர்கள் உறவினர்கள், ஐந்தில் வருபவை ஒரே தெரு, இரண்டில் வருபவை ஒரே பள்ளி என்று ஊகிக்க நிரலுக்குச் சில நொடி போதும். யார் யாருடைய மருமகன், எந்தக் குடும்பம் எந்தக் கட்சிக்காரர் பக்கம், யார் எந்தச் சங்கத்தில், எந்த ஆலயத்தின் திருவிழாக் குழுவில் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். இந்தக் கரையில் அதன் எடை இன்னும் கூடுதல். கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டிலோ வேறு தேசத்திலோ இருப்பது வழக்கம். மண்டபத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச்சிலிருந்து, தனுஷ்கோடி மணல்திட்டுகளில் குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களும் அங்கேதான் சேர்க்கப்பட்டார்கள். முகாமில் இருக்கும் ஒரு பெண்ணின் ஃபாலோயர் பட்டியல் என்பது மன்னாரில் இருக்கும் அக்கா, வவுனியாவில் இருக்கும் சித்தப்பா, கனடாவில் இருக்கும் தம்பி ஆகியோரின் பட்டியல். கடல் தாண்டிய ஒரு குடும்பத்தின் வரைபடம் அது. அவர் அதை யாரிடமும் வரைந்து கொடுக்கவில்லை. அக்கா தன் படத்தைப் பார்க்கட்டும் என்று ஒரு கணக்கைத் தொடங்கினார், அவ்வளவுதான்.

இந்த வரைபடம் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் போதுமான சாட்சியம் உண்டு. ஒரு கேள்வித்தாள் செயலி வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் அள்ளப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-இல் வெடித்தபோது, உலகம் முழுவதும் 8.7 கோடிப் பேரின் விவரம் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. இந்தியக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தக் கேள்வித்தாள் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். நிறுவியவர்களின் நண்பர்கள் என்பதாலேயே விவரம் போயிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,120 பேர். இந்த ஐந்தரை லட்சம் பேரும் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னவர்கள் இல்லை, எதற்கும் சம்மதம் தந்தவர்களும் இல்லை. யாரோ ஒருவரின் பட்டியலில் இருந்ததுதான் அவர்கள் செய்த காரியம். பட்டியல் என்பது எப்போதும் சம்மதம் கேட்கப்படாத மூன்றாம் மனிதரின் சொத்து என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் வேறில்லை. 2021-இல் 53.3 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் இணையத்தில் கொட்டப்பட்டன. அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. நண்பர்களைக் கண்டுபிடிக்க உதவும் வசதி ஒன்றுக்குள் தானியங்கி நிரலால் எண்களைக் கொட்டி, பொருந்திய பெயர்களை அள்ளியிருந்தார்கள். அதற்காக 2022 நவம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

உள்ளூர் அளவில் நடக்கும் மோசடிக்கு இவ்வளவு பெரிய அள்ளல்கூடத் தேவையில்லை. ஒருவரின் படத்தையும் பெயரையும் அப்படியே வைத்துப் போலிக் கணக்கு தொடங்குவது, அவருடைய பட்டியலில் இருப்பவர்களுக்கெல்லாம் ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று செய்தி அனுப்புவது என்னும் ஏமாற்று இன்று ஊரறிந்தது. சைபர் குற்ற உதவி எண் 1930 என்று காவல்துறை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய நிலை வந்திருக்கிறது. இந்த மோசடியில் படம் வெறும் முகமூடி, ஃபாலோயர் பட்டியல்தான் முதலீடு. யாருக்கு அனுப்பினால் நம்புவார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் கணவர், ஊரில் மனைவி என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்தில், கணவரின் பெயரில் வரும் ஒரு செய்தி எவ்வளவு எளிதாக நம்பப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிராக முதலில் எழும் வாதம் நேரடியானது. அவர்களே பொதுவில் வைத்ததைத்தானே எடுக்கிறோம், பூட்டிய வீட்டிலா திருடினோம் என்பார்கள். இது சாதாரண வாதமில்லை. நம் சட்டமே ஏறத்தாழ இப்படித்தான் பேசுகிறது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒருவர் தானே பொதுவில் வைத்த சொந்த விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. சமூக ஊடகத்தில் தன் கருத்தை எழுதும் ஒருவரையே அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி வைத்திருக்கும் ஒரு சட்டம், நம்மில் கோடிக்கணக்கானோர் அன்றாடம் புழங்கும் இடத்தைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன; நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அவை வந்த பிறகும் இந்த விலக்கு அப்படியேதான் இருக்கும்.

‘பொது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இந்த இடத்தில்தான் கடலோரத்திடம் கேட்கவேண்டும். கடலைவிடப் பொதுவானது எது? அதற்கு வேலி இல்லை, பட்டா இல்லை. ஆனால் ராமேசுவரத்திலிருந்து ஒரு விசைப்படகு நினைத்த நாளில் நினைத்த வலையோடு கிளம்பிவிட முடியாது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்பது பாக் நீரிணையில் பழகிவந்த ஏற்பாடு. மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் வாங்கித்தான் கிளம்பவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை கூடாது. சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் கரைக்கடலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டே நாள் எனக் கடும் நிபந்தனையோடு இடைக்கால அனுமதி கிடைத்தது. இழுவலையின் மடிப்பகுதியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இந்த விதிகள் மீறப்படுவதுண்டு, அவற்றைச் சுற்றிச் சண்டையும் உண்டு. ஆனால் ‘கடல் பொதுதானே, பின் ஏன் விதி?’ என்று கரையில் யாரும் கேட்பதில்லை. பொது என்பதால்தான் விதி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கண்ணியையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வலையின் வாய் அகலமாக இருக்கும், பின்னே போகப் போகக் குறுகி, கடைசியில் மீன் சேரும் பைதான் மடி. அங்கே கண்ணி பெரிதாக இருந்தால் குஞ்சுகள் நழுவி வெளியேறும், வளர்ந்தது மட்டும் தங்கும். கண்ணியைச் சிறுக்கினால் விலைக்குப் போகிற மீனோடு குஞ்சும் சேறும் சங்கும் எல்லாம் சேர்ந்து வரும். கரையில் கொட்டிப் பிரிக்கும்போது விலை போகாதது ஒரு ஓரமாகக் குவியும். அது செத்தேதான் வரும். திரும்பக் கடலில் போட்டாலும் பயனில்லை. ஃபாலோயர் பட்டியலை மொத்தமாக அள்ளும் ஸ்கிரிப்ட், கண்ணியே இல்லாத மடி. தேவைப்பட்டது ஓர் எண்ணிக்கைதான் என்றாலும் பெயர், படம், தன்னைப் பற்றி எழுதிய வரி எல்லாவற்றையும் சேர்த்தே இழுத்துவரும். தேவையில்லாதவை கணினியின் ஏதோ ஒரு மூலையில் கோப்பாகக் கிடக்கும். அந்தக் கோப்பு நண்பருக்குப் போகும், நண்பரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். ஒருமுறை அள்ளிய பெயரை மறுபடி கடலில் விடமுடியாது.

மேலிருந்து வந்த விதிதான் கரையை நடத்துகிறது என்றும் சொல்லிவிட முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் இறங்காமல் இருப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள். எடுக்க எடுக்க வரும் பாசிதான், அதுவும் வயிற்றுப்பாட்டுக்கான பாசி. இருந்தும் அளவு வைத்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு அதிகம் எட்டாத பெண்களால், கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துவிடக்கூடாது என்று முடிவெடுக்க முடிந்திருக்கிறது. கணினி படித்தவர்களிடம் அதே அடக்கத்தை எதிர்பார்ப்பது அதிகமில்லை.

சட்டத்தின் சொற்களுக்குத் திரும்புவோம். ‘தானே பொதுவில் வைத்த’ என்பதுதான் அந்த விலக்கின் உயிர். ஃபாலோயர் பட்டியலுக்கு அது பொருந்துமா? ஒரு பெண் கருவாட்டுக் கடையின் கணக்கைப் பின்தொடர்கிறார். தன் பெயர் அந்தக் கடையின் பக்கத்தில் ஒரு பட்டியலில் வரவேண்டும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. பட்டியலைக் காட்டுவது நிறுவனத்தின் வடிவமைப்பு. கணக்கைத் திறந்துவைப்பதா பூட்டுவதா என்பது கடைக்காரரின் முடிவு. பின்தொடர்ந்தவருக்கு இதில் பங்கு மிகக் குறைவு. ஆகவே ஒருவர் எழுதிய பதிவுக்குப் பொருந்தும் விலக்கு, அவர் பெயர் இடம்பெற்ற பிறர் பட்டியலுக்குப் பொருந்தாது என்று வாசிப்பதே நியாயம். உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவரின் அந்தரங்கம் போய்விடாது என்றும் சொன்னது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை எடுப்பதற்கு 43-ஆம் பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது பாதுகாப்பது கணினியின் உரிமையாளரை. பெயருக்குச் சொந்தக்காரர் அங்கே கணக்கிலேயே இல்லை. ஐரோப்பாவில் நிலைமை வேறு. பொதுவில் இருந்தாலும் பெயர் பெயர்தான், படம் படம்தான் என்ற அடிப்படையில், இணையத்தில் கிடந்த முகப்படங்களை அள்ளிச் சேர்த்த கிளியர்வியூ நிறுவனத்துக்கு இத்தாலியும் கிரீஸும் பிரான்சும் 2022-இல் தலா 2 கோடி யூரோ அபராதம் விதித்தன. 2023 ஆகஸ்டில் உலகின் 12 தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து, பொதுவில் தெரியும் சொந்த விவரமும் சட்டத்துக்கு உட்பட்டதே என்று கூட்டறிக்கை வெளியிட்டன. அந்தப் பன்னிரண்டில் இந்தியாவின் அமைப்பு எதுவும் இல்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. பட்டியலைத் தொடக்கூடாது என்றால், பொய்யான செல்வாக்கை எப்படி அம்பலப்படுத்துவது? 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், டெவுமி என்ற நிறுவனம் பிரபலங்களுக்குப் போலி ஃபாலோயர்களை விற்றதை வெளிக்கொண்டுவந்தது. பின்தொடர்வோர் சேர்ந்த வரிசையையும் அவர்கள் கணக்குத் தொடங்கிய தேதிகளையும் வரைபடமாக்கியபோது, விலைக்கு வாங்கிய கூட்டம் கட்டுக் கட்டாகத் தனியே தெரிந்தது. 2020-இல் மும்பை காவல்துறையும் போலி ஃபாலோயர் விற்பனையை விசாரித்தது. ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் இந்த வேலையைச் செய்யாவிட்டால் பொய்ச் செல்வாக்குக்குக் கேள்வி கேட்பாரே இருக்க மாட்டார்கள். இதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் டெவுமி வரைபடத்தில் பயன்பட்டது எது என்று கவனியுங்கள். தேதிகளும் வரிசையும்தான் குற்றத்தைக் காட்டின. சாதாரண ஃபாலோயர் ஒவ்வொருவரின் படமும் ஊரும் அந்த வரைபடத்துக்குத் தேவைப்படவில்லை. நல்ல நோக்கத்துக்குக் கண்ணி பெரிதாக இருந்தாலே போதும் என்பதற்கு அதுவே சான்று. உண்மையில் ஆய்வாளர்களின் கையைக் கட்டியிருப்பது அந்தரங்கச் சட்டமில்லை, நிறுவனங்கள்தாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போக்குகளை ஆராய உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், தகுதியுள்ள ஆய்வாளர்களுக்குத் தரவைத் தரவேண்டும் என்று பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. நாமும் கேட்கவேண்டியது அந்த முன்வாசலைத்தான். முன்வாசல் இருந்தால் ஆய்வாளர் சுவரேற வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம் இந்தக் கரைக்கே உரியது. இது எல்லைப்புறம்; கடத்தல் நடக்கிறது; பாதுகாப்புக்காக யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்று அரசு பார்த்துத்தான் ஆகவேண்டும் என்பார்கள். குற்றம் நடந்தால் விசாரணை அமைப்புகளுக்கு வழி இருக்கிறது: குறிப்பிட்ட கணக்கு, குறிப்பிட்ட சந்தேகம், எழுத்தில் ஆணை. அதை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. சந்தேகமே இல்லாத ஒரு கடலோரம் முழுவதையும் பட்டியலாக்கிக் கையில் வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2018-இல் சமூக ஊடகத் தகவல்தொடர்பு மையம் என்ற பெயரில், மாவட்டம்தோறும் சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டி ஆராயும் மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இது கண்காணிப்பு அரசை உருவாக்குவது போல் இருக்கிறதே என்று நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு திட்டத்தைத் திரும்பப் பெற்றது. மாவட்ட அளவில் அரசே செய்யத் தயங்கிப் பின்வாங்கிய வேலையை, ஒரு விளம்பர நிறுவனமோ தேர்தல் ஆலோசகரோ ஒரு மடிக்கணினியில் செய்துமுடிக்க முடிகிறது, அதற்குக் கேள்வியும் இல்லை என்பதுதான் இன்றைய நிலை. கடல் தாண்டி உறவு வைத்திருப்பது இங்கே குற்றத்தின் அடையாளமில்லை. தலைமுறை தலைமுறையான வாழ்க்கை அது. பட்டியலில் இருந்து அதைப் படிக்கும் நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

நான்காவதாக ஒரு முணுமுணுப்பும் உண்டு. பெரிய நிறுவனங்களிடம் நம்முடைய எல்லாமே இருக்கும்போது, மாணவர் எழுதும் சின்ன ஸ்கிரிப்ட்டின் மீது மட்டும் ஏன் கோபம்? நியாயமான ஆதங்கம்தான். பெரிய படகு கடலடியைச் சுரண்டும்போது கரைவலைக்காரரிடம் மட்டும் கண்ணி அளந்தால் யாருக்கும் கசக்கும். எனவே விதி முதலில் பெரியவர்கள் மீது விழவேண்டும். பின்தொடர்வோர் பட்டியலைப் பிறர் பார்க்கமுடியாதபடி பூட்டுவதை நிறுவனங்கள் முன்னிருப்பாகவே வைக்கவேண்டும்; அள்ளல் நடந்தது தெரிந்தால் பெயருக்குச் சொந்தக்காரருக்குச் சொல்லவேண்டும். ஆனால் பெரியவர் செய்கிறார் என்பது சிறியவருக்கு அனுமதிச் சீட்டாகாது. ஒரு விதத்தில் சிறிய கையில்தான் ஆபத்து அதிகம். நிறுவனத்துக்கு முகவரி உண்டு, வழக்குப் போடலாம், அபராதம் விதிக்கலாம். யாரோ ஒருவரின் பென்டிரைவில் இருக்கும் பட்டியலுக்கு முகவரியே கிடையாது. தெரிந்த ஊர், தெரிந்த முகம் என்பதால் அந்தப் பட்டியலைக் கொண்டு ஒரு பெண்ணைத் தொல்லைப்படுத்துவதும் சிறிய கைக்கு எளிது.

இதைச் சொல்வது இளைஞர்களைக் கணினியிலிருந்து விரட்டுவதற்காக அல்ல. ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களால் திறன் பயிற்சி கடலோர மாவட்டங்களுக்கும் வந்திருக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளை பைத்தான் கற்பது நல்ல செய்தி. அந்த மொழியைக் கொண்டு செய்ய இந்தக் கரையில் ஏராளமான வேலை இருக்கிறது. காற்று, அலை பற்றிய எச்சரிக்கைகளைத் திரட்டி எளிய தமிழில் தரலாம். மீன் ஏல விலையை நாள்வாரியாகப் பதிந்து, எந்த மாதத்தில் எந்த மீன் ஏறுகிறது இறங்குகிறது என்று காட்டலாம். ஒரு கடையின் ஃபாலோயர் எண்ணிக்கை வாராவாரம் எப்படி வளர்கிறது, எந்தப் பதிவுக்குப் பிறகு கூடுகிறது என்று அந்தக் கடைக்காரரின் சம்மதத்தோடு அவர் கணக்கிலிருந்தே பார்த்துச் சொல்லலாம். இதற்கெல்லாம் ஒரு பெயர்கூடத் தேவையில்லை. ஆசிரியர்கள் ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில், எந்தக் கட்டத்தை அட்டவணையில் சேர்க்கக்கூடாது என்றும் சொல்லித்தர வேண்டும். வலை பின்னச் சொல்லிக்கொடுப்பவர் கண்ணி அளக்கவும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார். அளவுகோல் இல்லாமல் பின்னிய வலை கடலுக்கு உதவாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

கேட்கவேண்டியவை மூன்று. முதலாவது, புதிதாக அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியமும் மத்திய அரசும், ‘தானே பொதுவில் வைத்த’ என்ற விலக்கு பிறர் பட்டியலில் வரும் பெயர்களுக்குப் பொருந்தாது என்று தெளிவாக்க வேண்டும். தேவைப்பட்டால் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தவேண்டும். இரண்டாவது, யார் திரட்டினாலும் நோக்கத்தை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மீன் ஏலம் கரையில் நாலு பேர் முன்னால்தான் நடக்கிறது, எந்தப் படகு, எவ்வளவு மீன், யார் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. தரவைத் திரட்டுபவரும் அதே வெளிச்சத்தில் நிற்கவேண்டும். மூன்றாவது, வேலை முடிந்ததும் அழிக்கவேண்டும். 61 நாள் படகுகள் கரையில் நிற்பது கடல் தன்னை மீட்டுக்கொள்வதற்காக. திரட்டிய பட்டியலுக்கும் ஒரு முடிவுத் தேதி இருந்தால்தான், தெரியாமல் அகப்பட்ட மனிதர் தன்னை மீட்டுக்கொள்ள முடியும். இந்த மூன்றும் நடக்கமுடியாதவை என்று சொல்பவர்கள், தடைக்காலத்தில் பாம்பனிலோ மண்டபத்திலோ வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் விசைப்படகுகளைப் பார்க்கட்டும். அன்றாடக் கூலிக்கு வழியில்லாத நாளிலும், எதிரே மீன் இருக்கிறது என்று தெரிந்தும், அந்தப் படகுகள் நிற்கின்றன. அவ்வளவு இழப்பைத் தாங்கிக்கொண்டு அளவு காக்கும் மக்களின் பெயர்களை அள்ளும்போது, அள்ளுகிறவர்களிடம் அளவு கேட்பது இந்தச் சமூகத்தின் உரிமை.